சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

நம் ஈக்காட்டுத்தாங்கலுக்கு அடுத்துள்ள கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருப்பதை அறிவீர்கள். இத்தகைய மருத்துவத்துக்கு நம் நாட்டில் வழி வகுத்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்.

கேரளத்தின் செராயில் 1925-ஆம் ஆண்டு பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் முகத்தில் காயமுற்றார். முதுகுத்தண்டு அடிபட்டதால் கால்கள் உணர்வும் அசைவும் இழந்தன.

மூளையில் பழுதில்லை, கால்களிலும் பழுதில்லை. கட்டளை செல்லும் பாதைதான் அறுந்தது. இந்நிலையில் நேராக உட்காருவதே பெரும்பாடு. முதுகிலும் வயிற்றிலும் உள்ள பல தசைகள் ஒத்துழைக்க மறுக்கும். அப்போது மூளை வேறு ஆளைத் தேடுகிறது! தோளிலிருந்து முதுகின் அடிவரை இறங்கும் அகன்ற தசைக்குக் கழுத்திலிருந்தே நரம்பு வருகிறது. ஆதலால் அது தப்பிவிடும். கையை இழுப்பதற்கென இருந்த அத்தசை, மாதக்கணக்கான பயிற்சிக்குப்பின் உடலைத் தாங்கவும் கற்றுக்கொள்கிறது.

கைகள் நன்றாயிருக்கையில் அறுவை மருத்துவம் ஏன் செய்யலாகாது? டாக்டர் பால் பிராண்ட் காட்டிய வழியில், அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சீர்செய்தார். முன்கையிலுள்ள நல்ல தசையொன்றின் நாணை விரல்களுக்கு மாற்றித் தைப்பது ஒரு முறை. தையல் ஆறிவிடும், ஆனால் மூளைக்குச் செய்தி தெரியாதே! நோயாளி மணிக்கட்டை உயர்த்த எண்ணுவார், விரல் அசையும். திகைப்பார். திரும்பத் திரும்ப முயன்றபின், விரலை எண்ணினாலே விரல் அசையும். தம் உடலில் தாம் பட்டதையே அவர்களிடமும் அம்மையார் கண்டிருப்பார் அல்லவா?

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பினார். வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் நிலையமும் உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் மறைந்தார்.

மூளை மாறுவதை ஸ்கேன் கருவிகள் காட்டியது பிற்காலத்தில்தான். செயலிழந்த காலை அசைக்க ஒருவர் முயலும்போது, மூளையில் காலுக்குரிய பகுதி பல ஆண்டுகளுக்குப் பின்னும் விழித்தெழுவதை அறிஞர் கண்டனர். அறுந்த தண்டை மீண்டும் இணைக்க இன்றும் மருந்தில்லை. ஆகவேதான் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நாற்காலியைத் தாமே தள்ளுவது என எஞ்சிய தசைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள், வேலூரிலும் கே.கே. நகரிலும்.