ஜி.என். இராமச்சந்திரன்: படிக்கப் போகும் முன் நான் தெரிந்துகொண்ட ஒருவர்

இந்த இதழுக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி எங்கள் கிள்ளான் கிளை அண்ணன் கேட்டபோது, சர் சி.வி. ராமனைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பள்ளிக் காலத்தில் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தது இன்னும் மறக்கவில்லை. வேலை சுலபமா முடிஞ்சிடும். ஆனால் அந்த வாரமே நான் வெட்கப்படும்படி ஒன்று நடந்தது. அதனால் ஆள் மாறிவிட்டார்.

வரும் திங்கட்கிழமை மலாயாப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியல் முதுகலை ஆய்வுப் படிப்புக்குப் பதிவு செய்யப் போகிறேன். எனக்கு வழிகாட்டப் போகும் பேராசிரியர் மூன்று மாதத்துக்கு முன்பே வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார். ஒரு புரதத்தின் முப்பரிமாண மாதிரியைக் கணினியில் உருவாக்கி, அது சரியாக வந்திருக்கிறதா என்று ராமச்சந்திரன் வரைபடம் போட்டுப் பார்க்க வேண்டும். நானும் இணையத்தில் தேடி, பொத்தானை அழுத்தி, படத்தை அனுப்பினேன். அடுத்த சந்திப்பில், இந்த வரைபடத்துக்குப் பெயர் கொடுத்தவர் யாரென்று தெரியுமா என்று அவர் கேட்டார். பேராசிரியர் தமிழர் இல்லை. நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஏதோ மென்பொருள் நிறுவனத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன் என்பதை எப்படிச் சொல்வது? பேசாமல் நின்றேன். அன்றைக்கு அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் கிள்ளான் கொமுட்டருக்காகக் காத்திருந்தபோதுதான் அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு ரயிலை விட்டுட்டேன்.

முழுப்பெயர் கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன். கோபாலசமுத்திரம் திருநெல்வேலிப் பக்கத்து ஊர். பூர்வீகம் அதுதான் என்றாலும், அவர் பிறந்தது கேரளத்தின் எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8ஆம் தேதி. அப்பா நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் முடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பாவுக்கு மகன் ரயில்வேயில் பொறியாளராக வேண்டும் என்று ஆசை. நிரந்தர வேலை, நல்ல சம்பளம். தேர்வு எழுத டில்லிக்கு அனுப்பி வைத்தார். மகன் போனார், எழுதினார், வேண்டுமென்றே தோற்றுவிட்டுத் திரும்பி வந்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டில் கதை வேறு மாதிரி. நான் வேண்டுமென்றே தோற்கவில்லை, நிஜமாகவே எனக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. எஸ்டிபிஎம் முடித்து விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் இல்லை என்று பதில் வந்தது. உயிர்மருத்துவ அறிவியல் படித்தேன், இரண்டு வருடம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். இப்போது அங்கே பதவி உயர்வு தருகிறோம் என்கிறார்கள். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இந்தக் குடும்பத்தில் கையில் இருக்கிற சம்பளத்தை விட்டுவிட்டுத் திரும்பப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன முதல் ஆள் நான்தான். பிடிபிடிஎன் கடன் வேறு பாக்கி இருக்கிறது. அப்பா கோபப்படவில்லை. இரண்டு வாரம் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். அது கோபத்தைவிட மோசம்.

சரி, இராமச்சந்திரனுக்கு வருவோம். 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் ராமன். பையனின் மனம் எங்கே இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தன் துறைக்கே இழுத்துக்கொண்டார். (ஆக, ராமன் இந்தக் கட்டுரைக்குள் எப்படியோ வந்துவிட்டார் பாருங்கள்!) ராமனிடம் படிகங்களையும் எக்ஸ் கதிரையும் கற்று, 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜ் போய் இரண்டே வருடத்தில் பிஎச்.டி.யும் முடித்துக்கொண்டு 1949இல் திரும்பினார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்கு ஒரு தலைவரைத் தேடினார். அவர் கேட்டது ராமனை. ராமன் தான் வரவில்லை என்று சொல்லி, கைகாட்டியது இராமச்சந்திரனை. முப்பது வயதில் கிண்டியில் ஒரு துறையையே கட்டி எழுப்பும் பொறுப்பு. நல்ல கருவி இல்லை, பணமும் அதிகமில்லை. அந்தச் சமயம் சென்னை வந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பை இதுவரை யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். இராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் என்றதும் எங்கள் அம்மாவுக்கு ஒரு டின் ஞாபகம் வரும். தினமும் காலையில் ஒரு கரண்டி கலக்கிக் குடிக்கிறார், முகம் பளபளப்பா இருக்குமாம். வயிற்றுக்குள் போனால் அது வெறும் துண்டுகளாக உடைந்து செரித்துப் போகும், குடித்தது அப்படியே கன்னத்தில் போய் உட்காராது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். கேட்கமாட்டாங்க. ஆனால் அந்த டின் எனக்கு உதவியது. நான் என்ன படிக்கப் போகிறேன் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. கொலாஜன் எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் முழங்கால் மூட்டுக்குள் தேய்ந்து போன குருத்தெலும்பில் இருப்பதும் அதுதான். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது அதுதான். நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதமும் அதுவே.

கிண்டிக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சிக் கழகம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தானே. மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. கங்காரு வாலின் தசைநாணில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள் நன்றாக வந்தன. அவரும் கோபிநாத் கர்த்தாவும் அந்தப் படங்களையும் வேதியியல் செய்திகளையும் சேர்த்து வைத்து யோசித்தார்கள். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற அமினோ அமிலம். அமினோ அமிலங்களிலேயே ஆகச் சின்னது அதுதான். ஏன் சரியாக மூன்றில் ஒன்று? மூன்று இழைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால், நடுவில் இடம் மிகக் குறைவு; அங்கே நுழையக்கூடியது கிளைசின் மட்டும்தான். ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடமெல்லாம் கிளைசின் இருந்தால் கணக்குச் சரியாகிவிடும். 1954இல் நேச்சர் இதழில் இது வெளியானது. அடுத்த வருடம், மூன்று இழைகளும் தேங்காய் நார்க் கயிறு மாதிரி ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்று அவர்களே திருத்தி எழுதினார்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வெளிவந்தது 1953இல் என்பதை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து முச்சுருள் வர அதிக நாள் ஆகவில்லை.

பிரச்சினையும் உடனே வந்தது. அதே 1955இல், டிஎன்ஏ புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இந்த அமைப்பில் சில அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும் அளவு நெருக்கமாக இருக்கின்றன என்று குறை சொல்லி, தங்கள் திருத்தத்தை வெளியிட்டார்கள். நம்ம ஆளுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் முழுதாகப் படித்தால் அப்படி எழுத முடியவில்லை. மூன்று இழை என்ற மூல எண்ணம் சென்னையுடையது. இழைகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் அவர்கள் சொன்னதுதான் பின்னால் நிலைத்தது. நோபல் பரிசு கிடைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விவாதம், அதில் நான் இராமச்சந்திரன் பக்கம்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை. ரொம்ப நெருக்கம் என்கிறீர்களா, அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவு வரைக்கும் நெருங்கலாம் என்று யாராவது அளந்திருக்கிறார்களா? அவர் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளை எல்லாம் தேடி, அணுக்களுக்கு இடையே உள்ள தூரங்களைச் சேகரித்தார்கள். பிறகு சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, ஒரு புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்குப் போட்டார்கள். இன்றைய கணினி எதுவும் இல்லாமல்.

அதை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணி கொமுட்டரில் நெருக்கியடித்து நிற்கிறோம். கையைத் தூக்கலாம், ஆனால் எல்லாப் பக்கமும் தூக்க முடியாது. முழங்கை யாரோ ஒருவர் முகத்தில் இடிக்கும். புரத இழையில் ஒவ்வொரு அமினோ அமிலமும் இரண்டு இடத்தில் திரும்பும். அந்த இரண்டு கோணங்களுக்கும் ஃபை, சை என்று பெயர். ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் போட்டு ஒரு சதுரம் வரைந்தால், அதில் பெரும்பகுதி இடிக்கும் இடம். காலியாக இருக்கும் சில திட்டுகளில் மட்டும்தான் புரதம் நிம்மதியாக உட்கார முடியும். 1963இல் வெளியான இந்தச் சதுரம்தான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகத்தின் எந்த மூலையில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்து உலகப் புரதத் தரவு வங்கியில் போட்டாலும், அதைச் சோதிக்கும் அறிக்கையில் இந்தக் கணக்கு இருக்கும். செயற்கை நுண்ணறிவு கணித்துத் தரும் மாதிரிகளையும் இதில் போட்டுத்தான் பார்க்கிறோம்.

1970இல் சென்னையை விட்டுப் போனார். சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். பெங்களூருவில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1971இல் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல பக்கத்திலிருந்து எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்து உள்ளே இருப்பதைத் திரும்ப உருவாக்கும் ஒரு கணக்கு வழியை எழுதினார். சிடி ஸ்கேன் படங்களை உருவாக்கும் முறைக்குப் பக்கபலமான வேலைகளில் அதுவும் ஒன்று. 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். பின்னாளில் தர்க்கம், தத்துவம் பக்கம் போய், இந்தியத் தர்க்க மரபைக் கணிதமாக எழுதிப் பார்த்தார். கடைசி வருடங்கள் கஷ்டமானவை. 1998இல் மனைவி இராஜலட்சுமி காலமானார். பார்கின்சன் நோயும் பக்கவாதமும் அவரைப் படுக்க வைத்தன. 1999இல் படிகவியல் துறையின் பெரிய கௌரவமான எவால்ட் பரிசு வந்தது. 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் மறைந்தார்.

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் டியூஷன் முடித்துவிட்டு வெளியே வந்தால், துன் சம்பந்தன் சாலையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். முட்டிவலியோடு கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருக்கிறார். வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில், அந்த ரயில்வே பரீட்சையில் தோற்றவருக்கு அவங்க அப்பா பிறகு என்ன சொன்னார் என்று கேட்டார். அம்மா கதையைச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை, எங்கேயும் படிக்கவில்லை என்றேன். தலையாட்டிவிட்டு, இரண்டு வருடத்துக்கு மாதம் எவ்வளவு வேண்டியிருக்கும் என்று கணக்குக் கேட்டார். இலையை மடிக்கும் முன்னால் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். உதவித்தொகை போக மாதம் நானூறு வெள்ளி இடிக்கிறது. டியூஷன் வகுப்பு இன்னும் ஒன்று எடுத்தால் முந்நூறு வரும். மிச்சம் நூறைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

என் புரத மாதிரியில் 212 புள்ளிகள். அதில் இரண்டு, வரைபடத்தில் விழக்கூடாத இடத்தில் விழுந்திருக்கின்றன. ஒன்று கிளைசின், ஆகச் சின்னது என்பதால் மற்றவை போக முடியாத இடத்துக்கும் அதற்குப் போக அனுமதி உண்டு, விட்டுவிடலாம். இன்னொன்று நிஜமான தப்பு. திங்கட்கிழமைக்குள் சரிசெய்ய வேண்டும்.