25 கிலோ தபாலும் ஒரு குட்டி விமானமும்... ஜே.ஆர்.டி டாடா பறந்த கதை!

புதுக்கோட்டைக்காரங்களுக்கு சிங்கப்பூரும் துபாயும் பக்கத்து ஊர் மாதிரி. திருச்சி ரோட்டைப் பிடிச்சா, திருச்சி டவுனுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே ஏர்போர்ட் வந்துடும். அந்தத் திருச்சிக்கு 1938-லேயே விமானம் வந்துட்டு இருந்தது தெரியுமா? கராச்சியில் கிளம்பி கொழும்பு வரைக்கும் போன டாடா கம்பெனி விமானம் அது. அந்த ரூட்டுக்குப் பின்னால் இருந்தவர், ஜே.ஆர்.டி டாடா.

1904-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பார்ஸி, அம்மா பிரெஞ்சுக்காரர். குடும்பம் லீவுக்குப் போற கடற்கரை ஊரில், பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? லூயி பிளேரியோ! 1909-ல் ஒற்றை இறக்கை விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டின அதே ஆள். இப்படி ஒரு பக்கத்து வீடு அமைஞ்சா எந்தப் பையனுக்குத்தான் கிறுக்குப் பிடிக்காது? 1929 பிப்ரவரியில், இந்தியாவில் வழங்கப்பட்ட பைலட் லைசென்ஸ்களில் நம்பர் 1 அவர் கைக்கு வந்தது.

அடுத்த வருஷமே ஒரு ரேஸ். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண்டு பரிசு அறிவிச்சிருந்தார். ஜே.ஆர்.டி கராச்சியிலிருந்து கிளம்ப, ஆஸ்பி இன்ஜினீயர் என்ற இளைஞர் எதிர்த்திசையில் இங்கிலாந்திலிருந்து வந்தார். எகிப்தில் ரெண்டு பேரும் சந்திச்சப்போ, ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி மாட்டிக்கிட்டு நின்னார். ஜே.ஆர்.டி தன்கிட்ட இருந்த பிளக்கை எடுத்துக் கொடுத்துட்டார். கடைசியில் சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயிச்சது ஆஸ்பிதான்! அவர் பின்னாளில் இந்திய விமானப்படைக்கே தளபதி ஆனார்.

அந்தக் காலத்தில் குட்டி விமானம் என்பது பணக்காரங்க விளையாட்டுச் சாமான். மாடி வீடு மாதிரி மேலயும் கீழயும் ரெண்டு அடுக்கு இறக்கை, திறந்த சீட், முகத்தில் அடிக்கிற காத்து. அதுக்கு அடுத்து வந்த 'புஸ் மாத்' கொஞ்சம் சொகுசு. தலைக்கு மேலே ஒரே அடுக்கு இறக்கை, மூடின கேபின், பைலட்டோடு சேர்த்து ரெண்டு மூணு பேர் உட்காரலாம், ஒரே இன்ஜின். ஜாலியா ஊர் சுத்தறதுக்குன்னே செஞ்ச அந்த வண்டியைத்தான் ஜே.ஆர்.டி தபால்காரர் ஆக்கினார்.

ஐடியா அவரோடது மட்டும் இல்லை. நெவில் வின்ட்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை பைலட் கொண்டுவந்த திட்டம் அது. டாடா குழுமம் போட்ட முதல் 2 லட்சம் ரூபாய். அரசாங்கம் ஓகே சொல்றதுக்கே வருஷக்கணக்கா இழுத்தடிச்சுது.

1932 அக்டோபர் 15. லண்டனிலிருந்து கராச்சி வந்திருந்த தபாலில் சுமார் 25 கிலோவை ஏத்திக்கிட்டு, காலையில் கிளம்பினார் ஜே.ஆர்.டி. வயசு 28. ரேடியோ கிடையாது. கீழே தெரியற ஆறும் கடற்கரையும்தான் கூகுள் மேப். அகமதாபாத்தில் இறங்கினால், பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன! மதியம் பம்பாய் ஜுஹுவில் தரையிறங்கினார். அங்கிருந்து வின்ட்சென்ட் தபாலை வாங்கிக்கிட்டு, பெல்லாரி வழியா மெட்ராஸ் போனார். ஜுஹு அப்போ வெறும் மண் தரை, மழைக்காலத்தில் தண்ணி நிக்கும். அதனால அந்த மாசங்களில் புனேவிலிருந்து விமானத்தை ஓட்டினாங்க.

இந்தத் தபால் சர்வீஸ்தான் வளர்ந்து ஏர் இந்தியா ஆச்சு. 1953-ல் அரசு அதை எடுத்துக்கிச்சு. கசப்பு இருந்தாலும் சேர்மனாக இருந்து சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார். பயணியாகப் போனாலும் கண்ணு சும்மா இருக்காது. திரைச்சீலை அழுக்கு, டீயும் காபியும் ஒரே கலர்னு நோட் எழுதி அனுப்புவார். 1978-ல் மொரார்ஜி தேசாய் ஆட்சி அவரைப் பதவியிலிருந்து எடுத்தது. அந்தத் தகவல்கூட, அடுத்து சேர்மனாக வரப்போறவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிஞ்சது. ஏர் இந்தியா 2022-ல் திரும்ப டாடா கைக்கு வந்தப்போ, அவர் இறந்து 28 வருஷம் ஆகியிருந்தது.

பதவி போன நாலாவது வருஷம், 1982 அக்டோபர் 15. முதல் தபால் விமானத்தோட பொன்விழா. புஸ் மாத்தின் தம்பி மாதிரியான, ஒற்றை இறக்கை 'லெபர்ட் மாத்' ஒண்ணைத் தயார் பண்ணினாங்க. அதே கராச்சி, அதே அகமதாபாத். 78 வயசு ஜே.ஆர்.டி தனியா ஓட்டிக்கிட்டு வந்து ஜுஹுவில் இறக்கினார்.