யானைக்கு மாற்றுத் தேடியவர்

மருதமலை அடிவாரத்தில் 2025 மே மாதம் நோயுற்று விழுந்த பெண் யானை ஒன்று, சில நாள் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தது. அது கருவுற்றிருந்ததும், வயிற்றில் நெகிழிக் கழிவு கிடந்ததும் உடற்கூறாய்வில் தெரியவந்தன. இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. வணிக அளவில் வெற்றி கண்ட முதல் நெகிழி, யானைத் தந்தத்துக்கு மாற்றுத் தேடியதில் பிறந்தது. அதைத் தேடியவர் ஜான் வெஸ்லி ஹயாட்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1837-ல் பிறந்த ஹயாட், பதின்ம வயதிலேயே அச்சுத் தொழிலுக்குச் சென்றவர். வேதியியலை முறையாகப் பயின்றவர் அல்லர். அக்காலத்தில் பில்லியர்ட்ஸ் பந்துகள் தந்தத்தில் கடையப்பட்டன. ஒரு தந்தத்திலிருந்து சில பந்துகளே தேறும். நம் அண்டையிலுள்ள உதகமண்டலத்து ஆங்கிலேயர் சங்கத்தில் 1880-களில் ஸ்னூக்கர் விதிகள் வகுக்கப்பட்டபோதும் மேசையில் உருண்டவை தந்தப் பந்துகளே. தந்தம் அரிதாகி விலை ஏறவே, மாற்றுப் பொருள் கண்டுபிடிப்போருக்கு 10,000 டாலர் பரிசு தருவதாக 1860-களில் நியூயார்க் நிறுவனம் ஒன்று அறிவித்தது. ஹயாட் அதில் ஈர்க்கப்பட்டார்.

இங்கிலாந்தின் அலெக்சாண்டர் பார்க்ஸ் 1862-லேயே இத்தகைய பொருளைக் காட்சிப்படுத்தியிருந்தார். வணிகத்தில் அது நிலைக்கவில்லை. ஹயாட்டும் அவருடைய சகோதரர் ஐசையாவும் நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய தாவர இழையுடன் சூடத்தைக் கலந்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இளக்கினர். 1870-ல் காப்புரிமை பெற்ற அப்பொருளே செல்லுலாய்டு. பருத்தியையும் சூடத்தையும் நன்கறிந்த கொங்கு மண்ணுக்கு அதன் மூலப்பொருள்கள் அந்நியமல்ல.

சீப்பு, பொத்தான், பொம்மை, பல்செட் என்று தந்தமும் ஆமையோடும் ஆண்ட இடங்களைச் செல்லுலாய்டு பிடித்தது. செல்வர் வீட்டுப் பொருள் எளியவர் கைக்கும் வந்தது. கோவையின் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 முதல் ஊர் ஊராகக் கொண்டுசென்று திரையிட்ட படச்சுருள்களும் செல்லுலாய்டால் ஆனவையே. அதே பொருள் எளிதில் தீப்பற்றியது. தொழிற்கூடங்களும் திரையரங்குகளும் எரிந்தன. நன்மையும் கேடும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக வந்தன.

ஹயாட் சகோதரர்களின் மற்றொரு ஆக்கம் இன்னும் நெடிய தாக்கம் உடையது. இளகிய பொருளை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் இயந்திரத்துக்கு 1872-ல் அவர்கள் காப்புரிமை பெற்றனர். இன்று கோவைப் பட்டறைகளில் குடம் முதல் மின்கருவி உறை வரை வார்க்கும் இயந்திரங்களுக்கு அதுவே மூதாதை. பின்னாளில் நீர் வடிகட்டி, கரும்பு ஆலை இயந்திரம், உருளைத் தாங்கி எனப் பலவற்றையும் அவர் உருவாக்கினார். இருநூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. 1914-ல் பெர்கின் பதக்கம் பெற்ற அவர், 1920-ல் மறைந்தார்.

அவர் கண்டுபிடிப்பு யானையைக் காத்ததா? சீப்புக்கும் பொத்தானுக்கும் தந்தம் தேவைப்படுவது குறைந்தது உண்மை. ஆனால் தந்த வேட்டை ஓயவில்லை. நாடுகள் கூடி 1989-ல் பன்னாட்டுத் தந்த வணிகத்தைத் தடைசெய்ய முடிவெடுக்க வேண்டியிருந்தது. மாற்றுப் பொருள் மட்டும் இயற்கையைக் காத்துவிடாது. அதற்குச் சட்டமும் கட்டுப்பாடும் தேவை என்பதே இதிலுள்ள பாடம்.

நெகிழிக்கும் இது பொருந்தும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஓடும் சொட்டுநீர்க் குழாய் நெகிழியே. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் அக்குழாய், வறண்ட நிலத்தில் நீரை மிச்சப்படுத்துகிறது. மருத்துவமனையின் ஊசிக்குழலும் அவ்வாறே இன்றியமையாதது. சில நிமிடப் பயனுக்குப் பின் எறியப்படும் பையும் குவளையும் அந்தத் தரத்தவை அல்ல. உணவு மணம் ஒட்டிய பைகள் மலையடிவாரக் குப்பைமேட்டில் கொட்டப்படும்போது, யானை அவற்றையும் சேர்த்தே உண்கிறது. சோமையம்பாளையம் குப்பைக்கிடங்கு குறித்து எழுந்த கவலையும் இதுதான்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. எனினும் தடை தாளில் நின்றுவிடாமல் இருக்க, வனத்தை ஒட்டிய ஊராட்சிகளின் குப்பை வனத்துக்கு வெளியே கொண்டுசெல்லப்பட வேண்டும். வீட்டிலேயே தரம்பிரிக்கப்பட வேண்டும். உற்பத்தியாளர் தம் பொருளைத் திரும்பப் பெறும் கடமையை நிறைவேற்ற வேண்டும்.

ஹயாட் தேடியது அரிய பொருளுக்கு ஒரு மாற்று. நமக்கு இன்று வேண்டியது, மலிந்துவிட்ட பொருளை அளவோடு கையாளும் ஒழுங்கு. அவர் பணியைவிட இது கடினமானதன்று. ஆனால் தனியொருவரின் காப்புரிமையால் முடியாது. ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும்.