எழுத்தறியாத மேதை செய்த வில்!

பிடில் கச்சேரி கேட்காதவர் உண்டோ? வித்வானின் இடது கை விரல்கள் தந்தியில் ஓடுவதைப் பார்த்து வியக்கிறோம். வலது கையில் இருக்கும் வில்லை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்த வில் இல்லாவிட்டால் நாதம் ஏது? இன்றுள்ள வில்லுக்கு உருவம் கொடுத்த ஏழைத் தொழிலாளியின் கதை இது.

அவர் பெயர் பிரான்சுவா சேவியர் தூர்த். 1747-ம் ஆண்டு வாக்கில் பாரிஸ் நகரில் பிறந்தார். தகப்பனாருக்கு வில் செய்வதே தொழில். ஆனாலும் மகனைக் கடிகாரம் செய்யும் பட்டறையில் சேர்த்தார்கள். எட்டு ஆண்டுகள் அங்கே உழைத்தார். வருமானம் போதவில்லை. எழுதப் படிக்கவும் தெரியாது என்பார்கள். கடைசியில் குலத்தொழிலுக்கே திரும்பினார்.

பீப்பாய்ப் பலகை

நல்ல மரம் வாங்கப் பணம் இல்லை. கெட்டுப்போனால் நஷ்டம் அல்லவா? ஆகவே சர்க்கரை வந்த பழைய பீப்பாய்களின் பலகையை வாங்கி, அதில் செதுக்கிச் செதுக்கிக் கை பழகினார். கை தேறிய பிறகுதான் நல்ல மரத்தைத் தொட்டார்.

எந்த மரம் உகந்தது? பலவற்றைச் சோதித்து, பிரேசில் நாட்டு பெர்னம்புகோ மரத்தைத் தேர்ந்தெடுத்தார். அது நம் நாட்டுச் சப்பங்கி மரத்துக்கு உறவு. துணிக்குச் சிவப்புச் சாயம் காய்ச்சவே கப்பலில் வந்தது. குவியல் குவியலாகக் கட்டைகளைப் புரட்டினாலும், முடிச்சும் கோணலும் இல்லாத கட்டை சிலதான் கிடைக்கும்.

நெருப்பில் வளைவு

மூங்கில் கழியை அனலில் காட்டி நிமிர்த்துவதை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். தூர்த் அதே போல் மரத்தைச் சூடாக்கி, உள்பக்கமாக வளைத்தார். வளைவாகவே அறுத்தால் மரத்தின் நார் அறுபட்டு, வில் பலம் இழக்கும். சூட்டில் வளைத்தால் நார் அறாது, வில் துள்ளும்!

சுமார் 75 சென்டிமீட்டர் என நீளத்தை நிலைநிறுத்தினார். குதிரைவால் மயிர் சுருண்டு கொள்ளாமல் நாடா போல் விரிந்து நிற்க வழி செய்தார். 1782-ல் பாரிசுக்கு வந்த இத்தாலிய வித்வான் வியோட்டி அவருக்கு யோசனை சொன்னதாகக் கூறுவார்கள். குறை கண்ட வில்லைத் தூர்த் விற்கமாட்டாராம், உடைத்துப் போடுவாராம்! ஓய்வு கிடைத்தால் சேன் நதியில் தூண்டில் போடுவார். 1835-ல் காலமானார்.

பிற்காலத்தில் வியோம் என்ற கைவினைஞர் தூர்த்தின் விற்களை அளந்து பார்த்தார். அடியிலிருந்து நுனி வரை கனம் குறைந்து வரும் விதம் ஒரு கணித விதிக்குள் அடங்கியது. பள்ளிக் கணக்கு அறியாத கை அதைக் கண்டுபிடித்திருந்தது!

அதே காலத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) பிடிலைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தார். இன்று நம் வித்வான்கள் பிடிக்கும் வில்லும் தூர்த் வகுத்த அமைப்பை ஒட்டியதே.

தூர்த்தின் வில் இன்று பல லட்சம் யூரோவுக்கு ஏலம் போகிறது. பெர்னம்புகோ மரமோ அருகிவிட்டது. 2007 முதல் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு.

தூர்த் தம் விற்களில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. வேலைப்பாட்டைப் பார்த்தே, இது தூர்த் செய்தது என்று நிபுணர்கள் சொல்லிவிடுகிறார்கள். உழைப்பே அவருடைய கையெழுத்து!