நாடியைக் காத்த நல்லாசான்

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில், மருத்துவர் குடும்பமொன்றின் பத்தாவது குழந்தையாக 1869-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் பிறந்தார் ஹார்வி குஷிங். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்நாளில் மயக்கமருந்து கொடுக்கத் தனி மருத்துவர் இல்லை. போதிய பயிற்சியற்ற மாணவர்களே ஈதரைக் கொடுத்து நோயாளியை உறங்க வைப்பர். 1893-இல் அப்பணி குஷிங்கிடம் வந்தது. அறுவை மேசையிலேயே நோயாளி இறந்துபோனார். இது வழக்கமாக நடப்பதுதான் என்று மற்றவர்கள் ஆறுதல் கூறினர். அவர் மனமோ ஆறவில்லை. மருத்துவப் படிப்பையே விட்டுவிடலாமா என்று எண்ணியபடி பாஸ்டன் தெருக்களில் அலைந்தார்.

ஆனால் அவர் ஓடிவிடவில்லை, திரும்பி வந்தார். உடன் பயின்ற காட்மனும் அவரும், மயக்கமருந்தை யார் நன்றாகக் கொடுப்பது என்று தமக்குள் போட்டி வைத்துக்கொண்டனர். அறுவை நடக்கும்போதே நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் ஒரு தாளில் குறித்துவந்தனர். இதயம் தளர்வதை முன்கூட்டியே அறிய அத்தாள் உதவியது. 1894-இல் தொடங்கிய இவ்வழக்கமே இன்றைய மயக்கவியல் பதிவேட்டின் முன்னோடி.

1901-இல் இத்தாலியின் பாவியா நகருக்குச் சென்றார் குஷிங். அங்கே ரிவா-ரோச்சி என்னும் மருத்துவர் அமைத்த கருவி பயன்பட்டு வந்தது. கையில் ரப்பர்ப் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்தால், பாதரசம் உயர்ந்து இரத்த அழுத்தத்தைக் காட்டும். தோலைக் கீற வேண்டியதில்லை; ஊசி குத்த வேண்டியதில்லை! அதைத் தம் நாட்டிற்குக் கொண்டுவந்து, அறுவைக்கூடத்தில் பயன்படுத்தினார். நாடி பார்க்க விரல்களே போதும் என்று மூத்தோர் சிலர் கூறியும் அவர் தளரவில்லை.

பின்னாளில் மூளை அறுவைச் சிகிச்சையின் தந்தை எனப் போற்றப்பெற்றார். தம் ஆசான் ஆஸ்லரின் வரலாற்றை எழுதி 1926-இல் புலிட்சர் பரிசும் பெற்றார். 1939-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், தம் 70-ஆம் வயதில் மறைந்தார்.

இன்று அறுவைக்கூடத்தில் இதயத்துடிப்பு திரையில் ஓடுகிறது. விரலில் மாட்டும் சிறு கருவி இரத்தத்திலுள்ள ஆக்ஸிஜன் அளவைச் சொல்கிறது. கருவிகள் மாறினாலும், நோயாளி உறங்கும்போது அவருக்காக ஒருவர் விழித்திருக்கவேண்டும் என்னும் கடமை மாறவில்லை.

அன்புத் தோழியரே, இறந்த அந்த நோயாளியைக் குஷிங்கால் மீட்க முடியவில்லை. ஆயினும் அத்துயரத்தை அவர் மறக்கவும் இல்லை, அதிலேயே மூழ்கவும் இல்லை. பிழை எங்கே என்று தேடினார், பின்வந்தோர் பிழைத்தனர். தேர்விலும் வாழ்விலும் நாம் தவறும்போது, அவருடைய அந்தச் சிறு தாளை நினைவில் கொள்வோமாக!