களரி காத்த ஆசான்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் சி.வி.என். களரி என்னும் பயிற்சிக்கூடம் உள்ளது. அப்பெயரிலுள்ள எழுத்துகள் சி.வி. நாராயணன் நாயர் என்னும் களரி ஆசானைக் குறிக்கின்றன. அவர் 1905ஆம் ஆண்டு வடகேரளத்தில் பிறந்தார்.

களரிப்பயிற்று கேரளத்தின் பழமையான போர்க்கலை. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட பழசிராஜா 1805ஆம் ஆண்டு வீழ்ந்தார். அக்காலத்தில் மலபார் மக்கள் ஆயுதம் ஏந்துவதை ஆங்கிலேயர் தடுத்தனர். போரில் துப்பாக்கியே முதன்மை பெற்றது. களரிகள் பல மூடப்பட்டன. ஆசான்கள் சிலரே எஞ்சினர். அவர்களுள் ஒருவர் கோட்டக்கல் கணாரன் குருக்கள். முதியவரான அவரிடம் நாராயணன் நாயர் மாணவராகச் சேர்ந்தார். ஆசானோடு கலையும் அழிந்துவிடலாகாது என்று கருதி, பல ஊர்களுக்கும் சென்று மக்கள்முன் அதனை நிகழ்த்திக் காட்டினார். மறந்துபோன கலையை மக்கள் மீண்டும் அறிந்தனர்.

அவர் காத்த கலை அடிப்பதற்கு மட்டும் கற்பிப்பதன்று. மாணவர் முதலில் உடலை வளைக்கவும் தாவவும் பழகுவர். அடுத்துக் கோலும், அதன்பின் வாளும் கேடயமும் கைக்கு வரும். வெறுங்கையால் எதிரியைத் தடுக்கும் முறை இறுதியில்தான் வரும். உடலின் மர்ம இடங்களில் படும் அடி உயிரையும் பறிக்கக்கூடும். ஆகவே, அவ்வறிவை ஆசான் எல்லார்க்கும் அளிப்பதில்லை. பல்லாண்டு பயின்று, சினத்தை அடக்கக் கற்றவர்க்கே அளிப்பார். அம்மர்ம அறிவைக் கொண்டே அடிபட்டவர்க்கு மருத்துவமும் செய்வார். வலிய சண்டைக்குச் செல்லாமையும் களரி மாணவர் காக்கவேண்டிய ஒழுக்கமே.

நாராயணன் நாயர் 1944ஆம் ஆண்டு, நாற்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தார். எனினும் அவர் பணி நின்றுவிடவில்லை. அவருடைய மகன் கோவிந்தன்குட்டி நாயர் 1956ஆம் ஆண்டு கிழக்கேகோட்டையில் தந்தையின் பெயரால் களரி நிறுவினார். மரபான களரி, தரைமட்டத்திற்குக் கீழே 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உடையதாக அமையும். அதன் தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை இருக்கும். மாணவர் அதனையும் ஆசானையும் வணங்கிய பின்னரே பயிற்சியைத் தொடங்குவர். கையில் வாளேந்துமுன் பணிவைப் பழகுவதே களரியின் முதற்பாடம்.

சொற்பொருள்
ஆசான் – ஆசிரியர்
கோல் – கம்பு
மர்மம் – அடிபட்டால் உயிருக்குத் தீங்கு தரும் உடற்பகுதி
வலிய – தானாகவே முன்வந்து

வினாக்கள்
1. களரிகள் மூடப்பட்டதற்குரிய காரணங்கள் யாவை?
2. நாராயணன் நாயர் களரிக்கலையை எவ்வாறு காத்தார்?
3. மர்ம அறிவை ஆசான் எல்லார்க்கும் அளிக்காதது ஏன்? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.