இன்ஜினியர் லலிதாவும், எங்கள் வீட்டு நாத்தனாரும்!



எனக்கு வயது 36. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என் கணவர் பெரியபாளையம் பவானி அம்மன் கோவில் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் ஆடி மாதமும் வந்துவிட்டால் கடையில் நிற்க நேரம் இருக்காது. மற்ற நாளில் வீடு, பிள்ளைகள், மாமியாரின் மூட்டுவலி... இதுதான் என் உலகம்.

எங்கள் வீட்டில் ஒரு மாதம் நடந்த மௌன யுத்தத்தையும், அதை நிறுத்தி வைத்த ஒரு பெண்மணியின் கதையையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் நாத்தனார் எலக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவள். கல்யாணம் ஆனதும் சர்டிபிகேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் வீட்டுக்காரர் பைக் விபத்தில் இறந்துபோனார். வயது 27, கையில் சின்னக் குழந்தை. பிறந்த வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆறு மாதத்துக்கு முன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருந்து அவளுக்கு ஆள் அனுப்பினார்கள். இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை, ஷிப்ட் முறை. காலை ஷிப்ட் என்றால் ஐந்தரைக்கே கம்பெனி பஸ் வந்துவிடும்.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? வீட்டில் எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியது!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் வந்தது. என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறேன். மறுபடியும் பால், சோறு ஊட்டல், ராத்திரி விழிப்பா? என்னைப் பத்தாவதோடு நிறுத்தினபோது எனக்காக யாராவது வாய் திறந்தார்களா? அவள் சம்பளம் வாங்க, நான் ஆயா வேலை பார்க்கணுமா? இப்படியெல்லாம் மனசு குமைந்தது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரத்தைத்தான் போட்டு உருட்டினேன். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது, வேலைப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, இந்தியாவின் முதல் பெண் இன்ஜினியர்களில் ஒருவரான அ.லலிதா. நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, அவள் எதிரே நின்று பேசிப் பார்ப்பாள். முதல் நாள் ஏனோதானோ என்று கேட்டேன். மூன்றாம் நாள் கீரையை வைத்துவிட்டு, முதலில் இருந்து சொல்லு என்று கேட்டேன்.

லலிதா பிறந்தது 1919 ஆகஸ்ட் 27-ல், நம்ம சென்னையில். தெலுங்கு பேசும் குடும்பம். அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். வீட்டில் ஏழு பிள்ளைகள், லலிதா ஐந்தாவது. ஆண் பிள்ளைகளை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கோ, கொஞ்சம் படிப்பு, அப்புறம் கல்யாணம். பேராசிரியர் வீட்டிலேயே அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்.

லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகும் பத்தாவது வரை படிக்க அப்பா ஏற்பாடு செய்தார். 1937-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். லலிதாவுக்கு அப்போது வயது பதினெட்டு!

பதினெட்டு வயதில் விதவை, கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்களை என்ன பாடுபடுத்துவார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மூலையில் உட்கார வைப்பார்கள், நல்ல காரியத்தில் முகம் காட்டக் கூடாது என்பார்கள். லலிதா பிறந்த வீட்டுக்கு வந்தார். மேலே படிக்க வேண்டும், சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார். அப்பா தடை சொல்லவில்லை, துணைக்கு நின்றார்.

ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். டாக்டருக்குப் படிக்கலாமே என்ற யோசனை முதலில் இருந்தது. ஆனால் டாக்டர் வேலைக்கு ராத்திரி பகல் கிடையாது, கைக்குழந்தைக்காரிக்குச் சரிப்படாது என்று அதை விட்டுவிட்டார். பாருங்கள், எந்தப் படிப்பு என்று தீர்மானிக்கும்போதே குழந்தையின் நினைப்பு! அப்பாவும் அண்ணன் தம்பிகளும் இன்ஜினியர்கள். நாமும் அதையே படித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

ஆனால் கிண்டி கல்லூரி ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அதுவரை பெண்ணைச் சேர்த்ததில்லை. சுப்பாராவ் கல்லூரி முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசினார். கல்வித்துறை இயக்குநராக இருந்த ஸ்டாதம் என்ற வெள்ளைக்காரரிடமும் அனுமதி கேட்டார். இருவருமே சம்மதித்தார்கள். நூற்றுக்கணக்கான ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பெண்ணாக லலிதா எலக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்தார். தங்க ஹாஸ்டல் வசதியும் செய்து கொடுத்தார்கள். எல்லோரும் பயந்தமாதிரி ஒன்றும் நடக்கவில்லை. மாணவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்களாம்.

குழந்தை? அதை ஒரு சகோதரர் வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். வாரக் கடைசியில் லலிதா போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இந்த இடத்தில்தான் நான் கீரையைக் கீழே வைத்தேன்.

ஹாஸ்டலில் பேச்சுத்துணைக்கு ஒரு பெண்கூட இல்லாமல் லலிதாவுக்குத் தனிமையாக இருந்தது. அப்பா அதற்கும் வழி செய்தார். பெண்களும் இன்ஜினியரிங்கில் சேரலாம் என்று கல்லூரி மூலமாக விளம்பரம் வந்தது. கேரளத்தைச் சேர்ந்த பி.கே.திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். லலிதாவுக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்தாலும், இரண்டாம் உலக யுத்தத்தால் படிப்புக் காலத்தைச் சுருக்கியதில் மூன்று பேரும் ஒன்றாகவே 1943-ல் முடித்தார்கள். அந்தத் திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமை இன்ஜினியராகவே ஆனார். ஒரு பெண்ணுக்குத் துணை வேண்டும் என்று திறந்த கதவு, இன்னும் இரண்டு பேருக்கு வாழ்க்கை கொடுத்திருக்கிறது!

லலிதாவுக்குக் கொடுத்த பட்டச் சான்றிதழ் பற்றி மகள் சொன்னபோது சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத்தான் அதில் அச்சடித்து வைத்திருந்தார்கள். பெண் ஒருத்தி வந்து வாங்குவாள் என்று யார் நினைத்தார்கள்? அதை அடித்துவிட்டு, பெண்ணைக் குறிக்கும் சொல்லைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்களாம்.

படிப்பு முடிந்ததும் பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் செய்முறைப் பயிற்சி. பிறகு 1944-ல் சிம்லாவில் மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பில் வேலை. அதையும் விட்டு, அப்பாவின் ஆராய்ச்சிக்கு உதவியாகக் கொஞ்ச காலம் இருந்தார். மின்சாரத்தில் இயங்கும் இசைக்கருவி, புகையில்லாத அடுப்பு என்று அப்பா பல கருவிகளைச் செய்துகொண்டிருந்தார். விறகடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிய நமக்குத்தான் புகையில்லா அடுப்பின் அருமை தெரியும்!

ஆனால் குழந்தையை வளர்க்க நிலையான வருமானம் வேண்டுமே. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார். அந்த ஊரில் அவருடைய இன்னொரு சகோதரர் குடும்பம் இருந்தது. லலிதா வேலைக்குப் போக, அந்தச் சகோதரரின் மனைவி தன் பிள்ளையோடு சேர்த்து நாத்தனார் மகளையும் பார்த்துக்கொண்டார்.

மின்சாரத்தைத் தூர ஊர்களுக்குக் கொண்டுபோகிற உயர் அழுத்தக் கம்பித் தடங்களை வடிவமைப்பது, துணை மின்நிலையம் எப்படி அமையவேண்டும் என்று வரைபடம் போடுவது, இவைதான் லலிதாவின் வேலை. சட்லெஜ் நதியில் கட்டிய பக்ரா நங்கல் அணையைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1963-ல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்த அந்த அணைத் திட்டத்தின் மின் உற்பத்தி இயந்திரங்கள் சம்பந்தமான பணியிலும் லலிதாவுக்குப் பங்கு உண்டு. நானும் பரீட்சைக்காக அந்த அணையின் பெயரை மனப்பாடம் செய்தவள்தான். ஒரு விதவைத் தாயின் உழைப்பும் அதில் இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் சொல்லித் தரவில்லையே!

1964 ஜூனில் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பெண் இன்ஜினியர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தது. நம் நாட்டில் அப்போது அதற்கு ஒரு சங்கம்கூடக் கிடையாது. லலிதா தனிப்பட்ட முறையில் போய்க் கலந்துகொண்டார். அடுத்த வருஷமே லண்டனில் உள்ள பெண் இன்ஜினியர்கள் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். 1967-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கு இங்கிருந்து பெண்களைத் திரட்ட உதவினார்.

மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளை நன்றாகப் படிக்க வைத்து ஆளாக்கினார். ஏறக்குறைய முப்பது வருஷம் ஒரே கம்பெனியில் உழைத்து 1977-ல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்காலத்தை அதிகம் அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1979 அக்டோபர் 12-ல், அறுபதே வயதில் காலமானார்.

என் மகள் பேச்சை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

லலிதாவின் அப்பா பேராசிரியர், வசதி இருந்தது, அதனால் முடிந்தது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. குழந்தையைப் பார்த்துக்கொண்ட அந்தச் சகோதரர் வீட்டுப் பெண்களின் பெயர் என் மகளின் பேச்சில் இல்லை. அவர்கள் பட்டம் வாங்கவில்லை, நியூயார்க் போகவில்லை. ஆனால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் லலிதா கிண்டிக்கும் போயிருக்க முடியாது, கல்கத்தாவிலும் நிலைத்திருக்க முடியாது. அவர்களும் என்னை மாதிரி முதலில் பாத்திரத்தை உருட்டினார்களோ என்னவோ! ஆனாலும் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள், அதுதான் முக்கியம்.

மறுநாள் காலை நாத்தனாரை அடுக்களைக்குக் கூப்பிட்டு, வேலைக்குப் போகச் சொன்னேன். ஆனால் சும்மா தியாகி ஆகிவிடவில்லை, சகோதரிகளே! என் பங்குக்கும் சில நிபந்தனை போட்டேன். அவளுக்கு லீவு வரும் நாளில் குழந்தையும் சமையலும் அவள் பொறுப்பு. அன்று நான் தையல் மெஷினில் உட்காருவேன், அந்தக் காசு என்னுடையது. ராத்திரி குழந்தை அழுதால் அவள்தான் எழுந்திருக்கணும், ராத்திரி ஷிப்ட் என்றால் மட்டும் நான். என் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வந்ததும் ஒரு மணி நேரம் குழந்தையை வெளியே தூக்கிப் போகணும். என் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவது அத்தையின் வேலை. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். முதலில் முனகியவர் என் வீட்டுக்காரர்தான். இப்போது குழந்தை அவரைப் பார்த்தால்தான் செருப்பைத் தேடுகிறது!

இன்னொரு விஷயமும் விசாரித்தோம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்று 2017-ல் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் சகோதரிகள் சேரும்போதே இதைத் தயங்காமல் கேளுங்கள். என் நாத்தனாரும் கேட்டிருக்கிறாள். விடியற்காலை பஸ்ஸில் குழந்தையைத் தூக்கிப் போக முடியாது என்பதால் இப்போதைக்கு நான்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. வண்ணமில்லாத சேலையில் தலை குனிந்து நடந்தவள், யூனிபார்ம் மாட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். எதிர்வீட்டில் ஒரு மாதிரிப் பேசியவர்கள், போன மாதம் மோட்டார் ஓடவில்லை என்று அவளைத்தான் கூப்பிட வந்தார்கள். பத்தே நிமிஷத்தில் சரி செய்து கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு வந்த பெருமை இருக்கிறதே... நானே ரிப்பேர் செய்த மாதிரி இருந்தது!

கஷ்டம் இல்லாமல் இல்லை. சில நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு எரிச்சல் வரும், அவளிடம் சிடுசிடுப்பேன். அவளும் ஷிப்ட் முடிந்து வந்து ஒரு சொல் பேசாமல் படுத்துவிடுவாள். மறுநாள் சரியாகிவிடும்.

உங்கள் வீட்டிலும் நாத்தனாரோ, மருமகளோ, தங்கையோ சர்டிபிகேட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கலாம். அவர்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குழந்தையை நாம் வாங்கிக்கொள்வதோடு, வீட்டு ஆண்கள் கையிலும் கொடுக்கப் பழகுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்!

பேச்சுப் போட்டியில் என் மகளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பெரியவளானதும் கிண்டியில்தான் படிப்பேன் என்கிறாள். படிக்கட்டும். நாளைக்கு அவள் குழந்தையையும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்!

— ஒரு வாசகி, பெரியபாளையம்.